காது ஒட்டுகிறவள் இழுத்துப் பார்த்த மடிப்பு

லூர்து மேரி வாசல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு கவுனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கவுன். அவளுடைய மூத்த மகள் ஸ்டெல்லாவுக்கு மறுநாள் காலை கோயிலில் புதுநன்மை. கிறிஸ்தவப் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. அதற்குப் போட்டுக்கொள்ளத்தான் இந்தக் கவுன்.

நான் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பாராட்டுக்காகக் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் காத்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"கீழ் ஓரத்துல தையல் எங்க, சரோஜாக்கா?" என்றாள்.

தெரியாது, அதுதான் இதில் விசேஷமே என்றேன். குரலில் கொஞ்சம் கெத்து இருந்திருக்கும்.

"கண்ணுக்கே தெரியலன்னா, புடிச்சிருக்குதா இல்லியான்னு எப்படிக்கா நம்புறது?"

கேட்டுக்கொண்டே மடிப்பை ஒரு கையிலும் மேல்துணியை ஒரு கையிலும் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். பர்ரென்று சத்தம் கேட்டது. காலையிலிருந்து நான் உயிரைக் கொடுத்துப் போட்ட மடிப்பு ஒரு முழ நீளத்துக்கு அவிழ்ந்து தொங்கியது.

சனிக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை. லூர்துவின் முகம் சுண்டிப்போனது. என் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே கண்ணாடி இல்லை.

இழுத்துப் பார்க்கிற சாதி

அவள்மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவள் என்ன வேலை செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அன்றைக்கு நான் நினைத்ததைப் போலவே நினைப்பீர்கள்.

அறுபதுகள் முடிகிற சமயம். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பீங்கான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தங்கராசு சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனுக்கு அதற்குள் நரைத்துவிட்டதே என்று நான் பயந்துபோனதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

லூர்து கப்புக்குக் காது ஒட்டுகிறவள். நீங்கள் டீ குடிக்கிற கப்பும் அதன் காதும் ஒன்றாகப் பிறப்பதில்லை. தனித்தனியாக வார்த்து, ஈரம் காய்வதற்குள் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தைக் கீறிவிட்டு, மண் குழம்பு தொட்டு, காதை வைத்து அழுத்தி, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை. அவ்வளவுதான், ஒட்டிய இடம் தெரியாது.

ஆகவே தெரியாத ஒட்டு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அதை அவள் நம்ப மாட்டாள். பார்க்க அழகாக இருந்த காது, சூளையிலிருந்து வந்ததும் கையோடு கழன்று வருவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதனால் சுட்டு வந்த கப்பின் காதுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது காது ஒட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் பழக்கம். வந்தால் குப்பைக்கு, வராவிட்டால் விற்பனைக்கு.

அந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வரும். சட்டை பட்டனை இழுப்பார்கள். புது வாளியின் பிடியை இழுப்பார்கள். எங்கள் தெருவில் யாராவது குழந்தைக்குக் கொலுசு வாங்கினால் லூர்து வருவதற்குள் ஒளித்து வைத்துவிடுவார்கள்.

மடிப்பையும் அவள் கப்பின் காதாக நினைத்து இழுத்துவிட்டாள். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் இதையெல்லாம் யோசிக்கிற பொறுமை எனக்கு இல்லை. மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தையல் போடுகிறவள் நான், அந்தத் தையலை இப்படியா சோதிப்பது என்று மூச்சு வாங்கியது.

மங்கலம்பேட்டையில் பார்த்த பாவாடை

மிஷினில் தெரியாமல் மடிப்பு அடிக்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், ஒரு பாவாடைதான் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் அடி மடிப்பு என்றால் இரண்டே வழி. ஒன்று, மிஷினில் ஓட்டிவிடுவது. வெளியே ரயில் பாதை மாதிரி ஒரு கோடு தெரியும். இன்னொன்று, கையால் எம்மிங் செய்வது. தெரியாது, ஆனால் ஒரு பாவாடைக்கு உட்கார்ந்தால் முதுகு போய்விடும். நான் பிறந்த கருவேப்பிலங்குறிச்சியில் கோடு தெரிந்தால்தான் மதிப்பு. மிஷினில் தைத்ததாக்கும் என்று சிவப்புப் பாவாடைக்கு மஞ்சள் நூலில் அடிக்கச் சொல்வார்கள். நானே அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போயிருக்கிறேன், பெருமையாகத்தான்.

நூலும் பட்டனும் வாங்க நான் மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பாய் கடையில் நூல் நயமாக இருக்கும். ஒருநாள் அந்தக் கடையில் ஒரு பாவாடை தொங்கியது. பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பழக்க தோஷத்தில் அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே ஒரு பொட்டுத் தையல்கூட இல்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பாயைக் கேட்டேன்.

ஒட்டெல்லாம் இல்லை, மிஷின் தையல்தான், அதற்கென்றே அங்கே ஒரு மிஷின் இருக்கிறதாம் என்றார் அவர். இரண்டு நாள் கொடுங்கள், பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிரிக்கிறதுக்கு ஆயிரம் பேரு வருவாங்கம்மா. திரும்ப இதே மாதிரி தைச்சிக் குடுத்துடுவீங்களா?"

கொடுத்துவிடுவேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிரித்ததும் விஷயம் புரிந்தது. அத்தனை சூட்சுமமும் துணியை மடிக்கிற விதத்தில்தான் இருந்தது. ஓரத்தை முதலில் உள்ளே மடித்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மேல்துணியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மடித்து, உள்ளே போன ஓரம் மட்டும் நகம் அளவுக்கு எட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். மிஷின் அந்த எட்டிப் பார்க்கிற ஓரத்தின்மேல்தான் ஓடும். நாலைந்து தையலுக்கு ஒரு தடவை, ஊசி மேலே ஏறியிருக்கும்போது துணியைப் பக்கவாட்டில் ஒரு மயிரிழை தள்ளினால், ஊசி இறங்கி மேல்துணியில் ஒரே ஒரு நூலைக் கவ்விக்கொண்டு வரும். உடனே பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். கடைசியில் துணியை விரித்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

சிங்கப்பூர் மிஷின் இந்தத் தள்ளலைத் தானே செய்யும். என் மிஷினுக்கு நேராக ஓடத்தான் தெரியும். அதனால் தள்ளுகிற வேலையை என் கை எடுத்துக்கொண்டது. சக்கரத்தைக் கையால் சுற்றி, காலை மெதுவாக மிதித்து, பழந்துணியில் எல்லாம் அடித்துப் பார்த்தேன். அதிகம் தள்ளினால் வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும். குறைந்தால் கவ்வாது. தங்கராசு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எந்தப் புண்ணியவதி சரோஜாவைத் தேடி வரப்போகிறாள் என்று கேட்டார். ஆனால் மிஷினுக்கு எண்ணெய் விட்டதும் அவர்தான்.

இரண்டு நாள் என்றது எத்தனையோ நாள் ஆனது. கடைசியில் பாவாடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பழைய ஆணியில் மாட்டிவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

"வெட்டுங்கக்கா"

இப்போது கவுனுக்கு வருகிறேன்.

சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் புதுநன்மைக்கென்று பொதுக் கவுன்கள் இருந்தன. கடலூரில் தைத்து வாங்கியவை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உயரமான பிள்ளை வந்தால் மடிப்பைப் பிரித்து இறக்குவார்கள். குட்டைப் பிள்ளை வந்தால் ஏற்றுவார்கள். பிரித்த இடத்திலெல்லாம் ஊசித் துளை வரிசை வரிசையாக நிற்கும். இதற்கு முன்னால் எத்தனை பேர் போட்ட கவுன் என்று பின்னால் முட்டி போட்டிருப்பவர்கள் எண்ணிவிடலாம்.

லூர்து சின்ன வயதில் அப்படி ஒரு கவுனில்தான் நன்மை வாங்கினாள். பின்னாலிருந்த பிள்ளைகள் கோடுகளை எண்ணி அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். அதை அவள் மறக்கவே இல்லை. தன் பிள்ளைகளுக்கு அந்தக் கவுன் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். புதுத் துணிக்கு வழியில்லை என்றதும் அவள் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

வெள்ளைச் சேலை. நாள்பட்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது. தொட்டால் வழுக்கும் அளவுக்கு மெல்லிசு. கத்திரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். கல்யாணச் சேலையை வெட்ட எனக்குக் கை வரவில்லை.

"வெட்டுங்கக்கா. பொட்டியில கெடந்து என்னா பண்ணப் போவுது? ஸ்டெல்லா போட்டு, அப்புறம் சின்னவ பிலோவும் போடணும். எறக்குனா கோடு தெரியக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு."

கோடு தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கில் அவளுக்காக எவ்வளவு இருந்ததோ அவ்வளவு எனக்காகவும் இருந்தது. சிஸ்டர்கள் அந்தக் கவுனைப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் பள்ளிக்கூடத்துக் கவுன்கள் எல்லாம் கடலூருக்குப் போகாமல் என் வீட்டுக்கு வரும். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டே என் மிஷினுக்கு வயதாகிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்த காலம் அது.

வெள்ளைத் துணியில் சாக்கட்டிக் கோடு தெரியாது என்பதால் நகத்தால் கீறி அடையாளம் வைத்தேன். பிலோவுக்கு இறக்குவதற்காக அகலமாக உள்ளே விட்டு மடித்தேன். அந்த மடிப்பைத்தான் அவள் வெடுக்கென்று இழுத்தாள்.

மறுபடியும் சனிக்கிழமை

அவிழ்ந்த கவுனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். பிறகு நான் நன்றாகவே பேசிவிட்டேன். உன் கம்பெனிக் கப்பு என்று நினைத்தாயா, துணியின் மென்மை தெரியாதா என்றெல்லாம். லூர்து முந்தானையால் கையைத் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டாள். கையில் மண் இருந்தால் துடைக்கிற மாதிரியே.

நல்லவேளை, துணி கிழியவில்லை. கவ்விய நூல்கள் மட்டும் அறுந்திருந்தன. பழைய துணி, ஒற்றை நூல் பிடிமானம் தாங்கவில்லை. மறுபடி மடித்துத் தேய்த்து, இந்தத் தடவை நெருக்கி நெருக்கிக் கவ்வ வைத்து அடித்தேன். அவள் போகும்போது கவுனோடு வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் சுருட்டிக் கொடுத்தேன். அடுத்தவர் துணியில் ஒரு நாடாவைக்கூட நான் வைத்துக்கொள்வதில்லை.

அவள் வாசல்படி இறங்கும்போது, இனிமேல் இழுக்காதே தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

கடைசி வரிசையில் நான்

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கோயிலுக்குப் போனேன். கோயிலில் கடைசி வரிசையில், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், மற்றவர்கள் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கண் முழுக்க ஸ்டெல்லாவின் கணுக்காலுக்கு மேலேயே இருந்தது.

தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. நடந்தாள், முட்டி போட்டாள், எழுந்தாள். அவள் முட்டி போடும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருந்தவர்கள் தோளுக்கு மேலாக எட்டி ஓரத்தைப் பார்த்தேன். மடிப்பு அசையவில்லை. கவுன் வார்த்து எடுத்த மாதிரி விழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் நான் பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பூசை முடிந்ததும் பெரிய சிஸ்டர் ஸ்டெல்லாவை நிறுத்தி மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். லூர்து கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டி என்னைக் காட்டினாள். எங்க சரோஜா அக்கா, மிஷின்லயே அடிச்சாங்க என்றாள்.

அடுத்த வருஷத்திலிருந்து பள்ளிக்கூடத்துக் கவுன்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவை புதுத் துணி என்பதால் என் மடிப்பு கல்லு மாதிரி நின்றது. எத்தனை தடவை இறக்கினாலும் கோடு விழவில்லை. யார் கேட்டாலும், முதன்முதலில் ஸ்டெல்லா கவுனில்தான் பேர் கிடைத்தது என்று ஆரம்பித்துவிடுவேன். தங்கராசு அந்தக் கதை தொடங்கினாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

பிலோவின் முறை

சில வருஷம் கழித்து பிலோவுக்குப் புதுநன்மை வந்தது. அதே வயதில் அக்காவைவிட ஒரு சாண் உயரம். லூர்து கவுனைப் பாச்சை உருண்டை வாசனையோடு கொண்டுவந்தாள். நான் பழைய கதையைச் சொல்லிக்கொண்டே மடிப்பைத் திருப்பி, பிரிக்க ஊசியை வைத்தேன்.

மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக் கிடக்கும். ஒன்றை அறுத்து ஒன்றை எடுக்க வேண்டும். இது அப்படி இல்லை. ஒரு முனையை இழுத்ததும் மொத்த நூலும் சர்ரென்று உருவிக்கொண்டு வந்தது. ஒற்றை நூல். விரலில் சுற்றிப் பார்த்தேன். என் நூல்கட்டையின் வெள்ளை இல்லை, பழுப்பேறிய வெள்ளை. லேசாகப் பிசுபிசுத்தது. முகர்ந்தால் மெழுகு வாசனை.

அது கைத்தையல். நான் மிஷினில் போட்ட தையலில் ஒன்றுகூட அங்கே இல்லை.

தலை நிமிர்ந்து லூர்துவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன லூர்து இது என்றேன். முதலில் மழுப்பினாள். பிறகு வேறு வழியில்லாமல் சொன்னாள். அன்று விடியற்காலையிலேயே கவுனைப் போட்டுவிட்டபோது ஸ்டெல்லா குனிந்து செருப்பு மாட்டும்போது ஓரத்தை மிதித்துவிட்டாளாம். மடிப்பு அரைச் சுற்று அவிழ்ந்து வந்துவிட்டதாம். பாதி மிஷினும் பாதி கையுமாக இருந்தால் நன்றாக இராது என்று மீதியையும் பிரித்துவிட்டு, நான் சுருட்டிக் கொடுத்த துண்டுகளிலிருந்து நூலை உருவி, ஸ்டெல்லா கையில் பிடிக்க வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தியில் ஓட்டி, சுற்றிலும் போட்டுவிட்டாளாம். சேலையின் நூலே சேலைக்குள் போனதால் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்றே தெரியவில்லை.

அப்படியானால் சிஸ்டர் கேட்டபோது ஏன் என்னைக் காட்டினாய் என்று கேட்டேன்.

"நீங்க பின்னாடி நின்னு அழுதுக்கிட்டு இருந்தீங்களேக்கா. வெட்டுனது நீங்க, தைச்சது நீங்க. ஓரத்த மட்டும் நான் ஒட்டுனேன். கப்பு வாங்குறவங்க காத ஒட்டுனது யாருன்னா கேக்குறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. இத்தனை வருஷம் யார் யாரிடமெல்லாம் அந்த மடிப்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க, மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துச் சிரித்தேன். சமையல்கட்டிலிருந்து தங்கராசு எட்டிப் பார்த்தார். அவருக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார், படிக்கட்டும்.

சிரித்து முடித்ததும் மனசு லேசாக இருந்தது. லூர்துவின்மேல் அதுவரை இருந்த அன்பு வேறு, அதற்குப் பிறகு வந்தது வேறு.

இந்தத் தடவை நீயே கையால் போட்டுவிடு என்று கவுனை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பிலோவுக்கு அக்காவுக்கு அடித்த மாதிரியே மிஷினில்தான் வேண்டுமாம். மெல்லிசு ஊசி மாற்றி, நூலின் பிடியை நன்றாகத் தளர்த்தி, பழந்துணிக்கு ஏற்ற மாதிரி அடித்தேன். முடித்துக் கையில் கொடுத்து, இழு என்றேன். அவள் தயங்கினாள். இழு லூர்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். நூல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"இப்ப நல்லா ஒட்டியிருக்குதுக்கா" என்றாள். முழு மனசோடுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் அதே கடைசி வரிசையில் நின்றேன். பிலோ நடந்தாள், முட்டி போட்டாள், எழுந்தாள். மடிப்பு நின்றது. என் மடிப்பு, என் மிஷின், இந்த முறை சந்தேகமே இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டு, எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்ற லூர்துவைப் பார்த்தேன்.

அவள் ரவிக்கையின் தோளில் ஒரு ஊசி குத்தியிருந்தது. அதில் பழுப்பேறிய வெள்ளை நூல் கோத்துத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.